டைமிங் செயின் புதுசு, எஞ்சின் மட்டும் மக்கர்: ஏ.டி.வி.யில் டைமிங் கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

டைமிங் செயின் மாற்றுவதற்கு முன்னால் உங்கள் ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓட்டும் வண்டி) ஓடிக்கொண்டுதான் இருந்தது. எஞ்சினின் இடது பக்கம் சரசரவென்று ஒரு சத்தம், அதற்காகத்தான் பிரித்தீர்கள். புது டைமிங் செயின் போட்டு, கேஸ்கெட்டும் மாற்றி, எல்லாவற்றையும் மூடிவிட்டு ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் ஒன்று ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகிக் கார்ப்பரேட்டர் வழியாகத் தும்முகிறது, சைலன்சரில் வெடிக்கிறது, சின்ன மேட்டில்கூட இழுவை இல்லை.

முதலில் பட்டனிலிருந்து கையை எடுங்கள். டைமிங், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குவதற்கு ஏற்ப வால்வு திறந்து மூடும் நேரம், தப்பியிருந்தால் ஒவ்வொரு அமுக்கலும் வால்வையும் பிஸ்டனையும் மோதவிடுகிற பந்தயம். இனி எஞ்சின் சரியாகும் வரைக்கும் கையால் மட்டும்தான் சுற்றப் போகிறோம்.

நான் இங்கே சொல்வது ஒற்றை சிலிண்டர், ஹெட்டில் (சிலிண்டரின் தலைப்பகுதி) ஒரே கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு. என் கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 110 சி.சி. சீன குவாட் (நாலு சக்கர ஏ.டி.வி.), அதை வைத்தே கணக்குகளைச் சொல்கிறேன். சிலிண்டர் படுத்த மாதிரி இருக்கும் இந்த எஞ்சினின் பூர்வீகம் ஹோண்டாவின் கப் குடும்பம். ஹோண்டா 1970இல் கொண்டுவந்த முதல் மூன்று சக்கர ஏ.டி.வி.யிலும் 89 சி.சி.யில் இப்படிப்பட்ட ஒரு படுத்த எஞ்சின்தான் இருந்தது. நம் ஊர் ஸ்பிளெண்டரின் 97.2 சி.சி. எஞ்சினும் சொந்தக்காரன்தான், அதனால் ஸ்பிளெண்டர் ஹெட்டைக் கழற்றி மாட்டிய கைக்கு இந்த வேலை அந்நியமாக இருக்காது. பெரிய 300, 400 சி.சி. குவாடுகளில் அளவுகள் மாறும், முறை மாறாது.

ஒரு பல் என்றால் எவ்வளவு

இந்தக் கணக்கு புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அதனால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரம்) கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப் போலச் சரியாக இரண்டு மடங்கு பல் இருக்கும். என் எஞ்சினில் கிராங்கில் 14, கேமில் 28. 360ஐ 28ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்குக் கேமில் சுமார் 12.9 டிகிரி, அதாவது கிராங்கில் 25.7 டிகிரி. ஒரே ஒரு பல் தப்பினாலும் வால்வு திறப்பதும் மூடுவதும் கிராங்கின் கணக்கில் கிட்டத்தட்ட 26 டிகிரி தள்ளிப்போகிறது. கேமில் 34 பல் உள்ள எஞ்சினில் இதுவே சுமார் 21 டிகிரி. "ஒரு பல்தானே, ஓடும்போது செட் ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இன்னொரு எண்ணும் வேண்டும். இந்த எஞ்சினில் இருப்பது 25 நம்பர் வகைச் செயின், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 6.35 மி.மீ. அப்படியானால் ஸ்ப்ராக்கெட்டின் ஓரத்தில் ஒரு பல் தப்பினால், கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள டைமிங் மார்க் சுமார் 6 மி.மீ. விலகித் தெரியும். மார்க் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நிற்கிறது என்றால் அது பல் தப்பியதல்ல, வேறு ஏதோ. இரண்டுக்கும் நடுவில் 3 மி.மீ. விலகி நிற்பதுதான் ஆட்களைப் பைத்தியமாக்குகிற நிலை. அதற்குக் கீழே தனியாகவே வருகிறேன்.

டைமிங்தான் பிரச்சினையா என்று முதலில் பாருங்கள்

செயின் மாற்றும்போது செயினை மட்டும் தொட்டிருக்க மாட்டீர்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றியிருப்பீர்கள், மேக்னட் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) கவரைத் திறந்திருப்பீர்கள், டேப்பட் (வால்வு இடைவெளியை வைக்கும் இடம்) மூடியைத் திறந்திருப்பீர்கள். இன்டேக் பைப்பின் ஓ-ரிங் நசுங்கி காற்று இழுத்தாலும் கார்ப்பரேட்டர் தும்மும். சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்துக் கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டாலும் வெடிச் சத்தம் வரும். மேக்னட் கவரை மூடும்போது பிக்கப் காயில் (ஸ்பார்க்கைத் தூண்டும் சுருள்) வயர் கவருக்கும் கேஸுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தால் ஸ்பார்க்கே வராது. அதற்கும் டைமிங்குக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் எல்லோரும் செயினைத்தான் திட்டுவார்கள்.

பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து ஸ்பார்க் பாருங்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அதற்குப் பட்டனை அமுக்க வேண்டும், நாம் இப்போது அமுக்கக் கூடாது, அதனால் ஸ்பார்க் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இப்போதைக்கு வயர், ஓ-ரிங், பெட்ரோல் டேப் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தால் போதும். எஞ்சினைக் கையால் சுற்றும்போது ஏதாவது ஓரிடத்தில் இரும்பு இரும்பில் இடித்தாற்போல் கெட்டியாக நின்றால் மேற்கொண்டு அழுத்த வேண்டாம். கம்ப்ரஷன் தடுப்பது ரப்பரைத் தள்ளுவது போல் இருக்கும், மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். வால்வு இடித்தால் விட்டுக்கொடுக்காது. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் இந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

முதல் படி: பிஸ்டன் உண்மையிலேயே மேலே இருக்கிறதா

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். மேக்னட்டில் உள்ள மார்க்கைப் பார்த்து "டாப் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) வந்துவிட்டது" என்று முடிவு செய்கிறோம். மார்க் மேக்னட்டில் இருக்கிறது, பிஸ்டன் கிராங்கில் இருக்கிறது. இரண்டையும் ஒழுங்காக வைத்திருப்பது கிராங்க் முனையின் கூம்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன அரைவட்டக் கீ. மேக்னட்டை இறுக்கிப் பிடிப்பது கூம்பும் நட்டும்தான், கீயின் வேலை இடம் காட்டுவது மட்டும். நட்டு சரியாக இறுகாமல் ஓடினால் மேக்னட் நழுவி, கீ வெட்டுப்பட்டுப் போகும். பல எஞ்சின்களில் செயினைக் கிராங்கிலிருந்து எடுக்க மேக்னட்டைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது கீ பள்ளத்தை விட்டு எழும்பி, பாதி வெட்டி உட்கார்ந்துவிடுவதும் நடக்கும். அப்போது மார்க்கெல்லாம் பொய். கேம் டைமிங்கும் பொய், பிக்கப் காயிலும் மேக்னட்டைப் பார்த்தே தூண்டுவதால் ஸ்பார்க் வரும் நேரமும் பொய்.

அதனால் பிளக் ஓட்டை வழியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், சாய்வாக மாட்டிக்கொண்டால் பிளக் திரட்டையோ பிஸ்டன் தலையையோ கீறிவிடும். மேக்னட் நட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். இந்த வகை எஞ்சின்களில் இடது பக்கம் நின்று பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. உங்கள் எஞ்சினின் திசையை மேனுவலில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்ட்ரா ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும். நிற்கும் இடத்தில் மேக்னட் மார்க் கேஸில் உள்ள கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும்.

ஸ்ட்ரா ஒரு தோராயம்தான். உச்சிக்கு அருகில் கிராங்க் சில டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் கண்ணுக்குத் தெரியுமளவு நகராது. ஆனால் கீ வெட்டுப்பட்டு மார்க் 30, 40 டிகிரி விலகியிருந்தால் ஸ்ட்ராவே காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்த தம்பி ஒருவன் மூன்று நாளாக டைமிங் வைத்து வைத்துக் கழற்றினான். "அண்ணே, மார்க் எல்லாம் கரெக்டா இருக்குண்ணே, ஆனா ஓடலை." ஸ்ட்ராவை விட்டுப் பார்த்தால் மார்க் வருவதற்கு வெகு முன்னாலேயே பிஸ்டன் இறங்கத் தொடங்கிவிட்டது. மேக்னட்டைக் கழற்றினோம், கீ இரண்டு துண்டு.

துல்லியமாக வேண்டும் என்றால் தடை வைத்து அளக்கும் முறை இருக்கிறது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே முனை உருண்டையான ஒரு போல்ட்டைப் பொருத்துங்கள், பிளக்குக்கு வெளியே சில மில்லிமீட்டர் நீண்டிருக்கட்டும். இது பிஸ்டனை உச்சி வரை போகவிடாமல் நிறுத்தும். இதைச் செய்யும்போது கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி, வால்வு இரண்டும் மூடியிருக்கும்படி கேமைத் திருப்பி, செயினை ஒரு கம்பியால் கட்டி விறைப்பாகத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திறந்த வால்வு போல்ட்டில் போய் இடிக்கும், தொங்கும் செயின் கிராங்க் பல்லில் சுருண்டு மாட்டும். ஒரு திசையில் மெல்லச் சுற்றி, பிஸ்டன் தட்டி நிற்கும் இடத்தில் கேஸின் கோட்டுக்கு நேராக மேக்னட்டில் ஒரு குறி. எதிர்த்திசையில் சுற்றி நிற்கும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் சரி நடு எதுவோ அதுதான் உண்மையான டாப். மேக்னட்டின் ஓரத்தில் காகித டேப் ஒட்டி அதன்மேல் குறித்தால் நடுவைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த நடுவும் கம்பெனி மார்க்கும் ஒன்றாக இருந்தால் இனி மார்க்கை நம்பலாம்.

இரண்டாம் படி: எந்த எழுத்தில் நிறுத்தினீர்கள்

மேக்னட்டில் ஒரே ஒரு மார்க் இருப்பதில்லை. "டி" எழுத்துக்குப் பக்கத்துக் கோடு டாப். "எஃப்" எழுத்துக்குப் பக்கத்துக் கோடு, ஐட்லிங்கில் ஸ்பார்க் வருகிற இடம், அது டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். சிலவற்றில் ஸ்பார்க் முழுதாக முன்தள்ளியிருக்கும் இடத்தைக் காட்டும் இரட்டைக் கோடும் உண்டு. ஓடும் திசையில் சுற்றினால் எஃப் முதலில் வரும், டி பிறகு வரும். பார்க்கும் சன்னல் சின்னது, உள்ளே எண்ணெய், எழுத்து தேய்ந்திருக்கும், முதலில் வந்த கோட்டிலேயே நிறுத்திவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

எஃப்-இல் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷமம் புரியும். எஃப் டாப்புக்கு 15 டிகிரி முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். கிராங்க் 15 டிகிரி பின்தங்கி நின்றால் கேம் அதில் பாதி, 7.5 டிகிரி பின்தங்கி நிற்க வேண்டும். டைமிங் சரியாக இருக்கும் எஞ்சினில்கூட அந்த நிலையில் கேம் மார்க் ஹெட் குறிக்கு 3.7 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும். நீங்கள் அதைப் பார்த்து "சேரவில்லையே" என்று ஒரு பல் தள்ளிப் போடுகிறீர்கள், இப்போது மார்க் குறியைத் தாண்டி 2.6 மி.மீ.இல் நிற்கும். இது முன்னதைவிட நெருக்கமாகத் தெரியுமா இல்லையா? அதையே சரி என்று எடுத்துக்கொண்டு மூடிவிடுவீர்கள். சரியாக இருந்ததைக் கழற்றி ஒரு பல் தப்பாகப் போட்டாயிற்று. "எப்படி வைத்தாலும் அரைப் பல் இடிக்கிறது" என்று யாராவது புலம்பினால் நான் முதலில் கேட்பது டி-யா எஃப்-ஆ என்றுதான்.

சன்னல் வழியாகச் சாய்வாகப் பார்க்காதீர்கள், கண் நேராக இருக்க வேண்டும். வேலை முடியும் வரை கவரையே கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. டி கோட்டில் நெயில் பாலிஷோ வெள்ளைப் பெயின்டோ ஒரு சொட்டு வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கேம் மார்க்

டி-யில் நிறுத்தியாயிற்று. இப்போது ஹெட்டின் பக்க மூடியைத் திறந்தால் கேம் ஸ்ப்ராக்கெட் தெரியும். அதில் ஒரு சின்ன வட்டமோ கோடோ இருக்கும், ஹெட்டில் அதற்கு எதிரே ஒரு வெட்டு இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சில எஞ்சின்களில் ஸ்ப்ராக்கெட்டில் எதிரெதிராக இரண்டு கோடுகள், அவை ஹெட்டின் மேல்தளத்தோடு ஒரே கோட்டில் வர வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பதை மட்டும் அந்த எஞ்சினுக்கான மேனுவலில் பாருங்கள், வேறு வண்டிக்கு எடுத்த வீடியோவை நம்பாதீர்கள்.

டி-யைத் தாண்டிச் சுற்றிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பி டி-க்குக் கொண்டுவராதீர்கள். ஓடும் திசையில் சுற்றும்போது செயினின் ஒரு பக்கம் இழுபட்டு விறைப்பாக இருக்கும், தளர்வு எல்லாம் டென்ஷனர் (செயினை அழுத்தி விறைப்பாக வைக்கும் பாகம்) இருக்கும் பக்கம் சேரும். பின்னால் சுற்றினால் தளர்வு எதிர்ப்பக்கம் போய்விடும், மார்க் சில மில்லிமீட்டர் பொய் சொல்லும், டென்ஷனர் தளர்ந்திருந்தால் பல்லே தாவும். தாண்டிவிட்டால் இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே போய் மறுபடி வாருங்கள்.

இப்போது படிப்பது எப்படி? டி-யில் நிற்கும்போது கேம் மார்க், ஓடும் திசையில் பார்த்தால், குறியை இன்னும் எட்டவில்லை என்றால் கேம் பிந்தியிருக்கிறது. தாண்டிப் போய்விட்டது என்றால் முந்தியிருக்கிறது. பிந்திய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்ளே வந்த கலவை கார்ப்பரேட்டருக்கே திரும்பப் போகும், கம்ப்ரஷன் குறையும். கையால் சுற்றினால் எஞ்சின் லேசாகத் தெரியும், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், அடிமட்ட இழுவை செத்துவிடும், வேகம் ஏறினால் மட்டும் கொஞ்சம் உயிர் வரும். முந்திய கேமில் எரிந்த வாயு முழுதாக வெளியேறுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்கும், சூடான வாயு கார்ப்பரேட்டர் பக்கம் வரும், அதுதான் அந்தத் தும்மல். ஐட்லிங் நிற்காது, மேல் வேகத்தில் மூச்சு முட்டும்.

ஆபத்தும் அதே மாதிரிப் பிரியும். கேம் முந்தினால் பிஸ்டனுக்கு நெருங்குவது இன்டேக் வால்வு, பிந்தினால் எக்ஸாஸ்ட் வால்வு. சத்தத்தை மட்டும் வைத்து முந்தியதா பிந்தியதா என்று தீர்ப்பு எழுதாதீர்கள். கார்ப்பரேட்டர் ஜெட் அடைத்தாலும் இதே சத்தங்கள் வரும்.

ஒரு பல் தப்பு என்று உறுதியானால், கிராங்கை டி-யிலேயே அசையாமல் வைத்து, டென்ஷனரைத் தளர்த்தி, ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டைச் செயினுக்குள் ஒரு பல் நகர்த்துங்கள். பிந்தியிருந்தால் ஓடும் திசையில், முந்தியிருந்தால் எதிரில். போல்ட் கீழே செயின் குழிக்குள் விழாமலிருக்க முதலில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள். இந்த வரியைப் படிக்காமல் போனவர்கள் எல்லோரும் காந்தக் குச்சியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஸ்ப்ராக்கெட் மூன்று போல்ட்டில் நிற்கும் எஞ்சின்களில் கூடுதலாக ஒன்று பாருங்கள். இடம் காட்டும் பின் இல்லையென்றால், ஸ்ப்ராக்கெட்டைக் கேம் மீது தவறான ஓட்டைக்கு நேராகவும் மாட்டிவிட முடியும், அப்போது மார்க் சரியாக நிற்கும், கேம் மூக்கு (கேமின் துருத்திய பகுதி) எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். மார்க் குறிக்கு நேராக வந்ததும், மேனுவல் சொல்வது போல ராக்கர்கள் (கேம் தள்ளும்போது வால்வை அமுக்கும் கைகள்) இரண்டும் தளர்வாக ஆடுகின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

"180 டிகிரி தப்பு" என்கிற பூச்சாண்டி

டி-யில் வைத்துப் பார்த்தால் கேம் மார்க் குறிக்கு நேர் எதிரே, மறுபக்கம் நிற்கிறது. உடனே "180 டிகிரி மாற்றிப் போட்டுவிட்டேன், அதுதான் ஓடவில்லை" என்று எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி டி-க்கு வாருங்கள், கேம் அரைச் சுற்று சுற்றி மார்க் குறிக்கு வந்து நிற்கும். பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது, கம்ப்ரஷனில் ஒரு முறை, எரிந்த வாயுவை வெளியேற்றி முடிக்கும்போது ஒரு முறை. இதில் எது எது என்பதைத் தீர்மானிப்பது கேம்தான், கிராங்குக்கு அந்தப் பேதமே தெரியாது. பிக்கப் மேக்னட்டைப் பார்த்துத் தூண்டும் சாதாரண சி.டி.ஐ. (ஸ்பார்க் விடும் மின்பெட்டி) ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் விடும், இரண்டில் ஒன்று வீண். ஆகவே ஒற்றை சிலிண்டரில் கேமை 180 டிகிரி திருப்பி வைத்ததால் மட்டும் எஞ்சின் ஓடாமல் போகாது. இரண்டு சிலிண்டர் ஏ.டி.வி.க்கு மட்டும் இந்தப் பேச்சு செல்லாது.

இந்த இரண்டு டாப்களும் முக்கியமாகும் ஒரே இடம் டேப்பட் செட்டிங். அது கம்ப்ரஷன் டாப்பில்தான் செய்ய வேண்டும். அடையாளம் எளிது: டி-யிலிருந்து கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தாலும் ராக்கர் இரண்டும் தளர்வாகவே இருந்தால் கம்ப்ரஷன் டாப். ஒரு பக்கம் அசைத்தால் ஒரு ராக்கரும், மறுபக்கம் அசைத்தால் இன்னொரு ராக்கரும் இறுகினால் அது மற்ற டாப்; அங்கே இடைவெளி வைத்தால் உண்மையான இடைவெளி பல மடங்காகி, வால்வு முழுசாகத் திறக்காது, டக்டக்கென்று தட்டும். கப் வகை எஞ்சினில் இரண்டுக்கும் 0.05 மி.மீ., எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் லேசான உரசலோடு போய்வர வேண்டும்.

அரைப் பல் இன்னும் தீரவில்லை என்றால்

டி-தான், டாப்பும் உண்மை, ஆனாலும் மார்க் 2, 3 மி.மீ. விலகி நிற்கிறது. பழைய செயினையும் புதுச் செயினையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு இணைப்புகளை எண்ணுங்கள். எண்ணிக்கை மாறியிருந்தால் டென்ஷனர் எட்டாமல் தளரும் அல்லது செயின் மாட்டவே சிரமப்படும். அடுத்து டென்ஷனர் உண்மையில் அழுத்துகிறதா என்று பாருங்கள். தளர்வு தவறான பக்கம் இருந்தால் மார்க் விலகித்தான் தெரியும். ஹெட்டையோ பிளாக்கையோ லேத்தில் சீவியிருந்தாலும் கேம் கொஞ்சம் பிந்தும், ஆனால் அரை மில்லிமீட்டர் சீவினால் கிராங்கில் சுமார் இரண்டு டிகிரிதான் வரும், அதை வைத்து 3 மி.மீ. விலகலுக்குச் சமாதானம் சொல்ல முடியாது. வெளிச்சந்தை ஸ்ப்ராக்கெட் போட்டிருந்தால் பழைய ஸ்ப்ராக்கெட் மேல் வைத்து ஓட்டைகளை ஒட்டிப் பாருங்கள், மார்க் வேறு பல்லுக்கு நேராகக் குத்தப்பட்டிருக்கலாம். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது, பழைய ஸ்ப்ராக்கெட்டையே கழுவி மாட்டினேன்.

டென்ஷனர்: அவசரப்பட்டால் செயினைவிட இதுதான் கெடும்

தானாக இறுக்கும் டென்ஷனரில் ஒரு தண்டு பல் பல்லாக முன்னால் வரும், பின்னால் போகாது. நீண்டிருந்த பழைய செயினுக்கு அது வெகுதூரம் வெளியே வந்திருக்கும். புதுச் செயின் நீளம் குறைவு. தண்டை உள்ளே தள்ளாமல் அப்படியே வைத்து இரண்டு போல்ட்டையும் இறுக்கினால் செயின் வில் நாண் மாதிரி இறுகும், வழிகாட்டிப் பட்டை உடையும், பேரிங் சீக்கிரம் போகும், ஓடும்போது விசில் மாதிரி ஒரு முனகல் வரும். பூட்டை அமுக்கிப் பிடித்து, தண்டை முழுக்க உள்ளே தள்ளி, பிறகு மாட்டி, அதன் பின் ஸ்ப்ரிங்கைப் போடுங்கள். சில ஹோண்டா குவாடுகளில் பின்பக்கச் சின்ன ஸ்க்ரூவை எடுத்துவிட்டு உள்ளே மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் கடிகார முள் திசையில் திருப்பினால் தண்டு உள்ளே போகும், அப்படியே பிடித்துக்கொண்டு மாட்ட வேண்டும், விட்டதும் தானே வெளியே வந்து அழுத்தும்.

டென்ஷனர் கையில் இருக்கும்போது கிராங்கைச் சுற்றவே கூடாது. மாட்டிய பின் போல்ட்டைப் பாதி தளர்த்தி "சரிபார்த்து" மறுபடி இறுக்குவதும் கூடாது. தளர்த்திய அந்த நொடியில் தண்டு ஒரு பல் முன்னேறியிருக்கும், திரும்ப இறுக்கினால் மிகை இறுக்கம். ஒவ்வொரு முறையும் முழுசாகக் கழற்றி, தண்டை உள்ளே தள்ளித்தான் மாட்ட வேண்டும்.

இரண்டு சுற்று, பிறகு மறுபடி பாருங்கள்

எல்லாம் மாட்டியாயிற்று, பிளக் மட்டும் வெளியே. கையால் நிதானமாகக் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி டி-க்குக் கொண்டுவாருங்கள். கேம் மார்க் மறுபடி அதே இடத்தில் நின்றால்தான் வைத்த டைமிங் டைமிங். முதல் தடவை மாட்டும்போது சரியாக நின்ற மார்க், டென்ஷனர் அழுத்தி, தளர்வு போய், இரண்டு சுற்று முடிந்ததும் ஒரு பல் தள்ளி நிற்பது சகஜம். எனக்குத் தெரிந்து அரைப் பேர் இந்த இரண்டு சுற்றைச் சுற்றாமல்தான் மூடுகிறார்கள். நான் நாலு சுற்று சுற்றுவேன்.

முன்பே தப்பான டைமிங்கில் ஸ்டார்ட்டர் அடித்திருந்தால் வால்வு வளைந்திருக்குமா என்ற பயம் இருக்கும். கம்ப்ரஷன் டாப்பில் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். ஒரு வால்வில் மட்டும் திடீரென்று பெரிய இடைவெளி தெரிந்தால் அது முழுசாக மூடவில்லை, வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய, இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிளக் ஓட்டை வழியாகக் காற்று செலுத்திக் கேளுங்கள். கிராங்கைச் சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கார்ப்பரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக், சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட், எண்ணெய் ஊற்றும் மூடிப் பக்கம் சீறினால் ரிங். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துப் பாருங்கள். தானியங்கி டிகம்ப்ரஷன் (ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரஷனைக் குறைத்துவிடும் அமைப்பு) உள்ள எஞ்சினில் எண் எப்படியும் குறைவாகவே காட்டும், அதைப் பார்த்து ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்

கேம் மூக்கிலும் ராக்கரிலும் எஞ்சின் ஆயிலைத் தாராளமாக ஊற்றுங்கள். பிளக்கை மாட்டாமல், அதன் தொப்பியில் செருகி ஹெட்டில் தொடவைத்து, பட்டனைச் சில நொடி அமுக்குங்கள். பெட்ரோல் டேப் மூடியிருக்கட்டும், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துப் பிடியுங்கள். ஸ்பார்க் தெரிகிறதா, உள்ளே இடிக்கும் சத்தம் இல்லையா, சரி. டைமிங் லைட் இருந்தால் ஓடும்போது எஃப் கோட்டின் மேல் அடித்துப் பாருங்கள், ஐட்லிங்கில் எஃப் குறிக்கு நேரே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் செயினைத் தொடாதீர்கள், செயினால் ஸ்பார்க் நேரம் மாறாது. கீ, பிக்கப் காயில், சி.டி.ஐ., இந்த மூன்றில்தான் தேட வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்காமல் அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். டேப்பட் மூடி ஒன்றைத் திறந்து பார்த்தால் ராக்கரில் புது ஆயில் பளபளக்க வேண்டும். வறண்டிருந்தால் மேலே ஆயில் ஏறவில்லை. ஹெட் கேஸ்கெட்டின் ஓட்டையை ஏதாவது அடைத்திருக்கிறதா, கேஸ்கெட்டைத் தலைகீழாகப் போட்டீர்களா என்று பார்க்காமல் மறுபடி ஓட்டாதீர்கள். ஆயில் வருகிறது என்றால் பத்து நிமிடம் ஓட்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் டேப்பட்டையும் மேக்னட் நட்டையும் இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கவரை மூடுங்கள்.